வரைபடத்தில் தண்ணீர் கரையேறிப் போகிறது: ஒரு கண்மாய்க் கேள்வியும் அதற்குக் கீழே குவிந்த குறிப்புகளும்

கேள்வி, செப்டம்பர் 14

"ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். எங்கள் ஊர்க் கண்மாய் முழுதாக நிறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு இடத்தைச் சொல்கிறார்கள். நீர்ப்பிடிப்புத் தரவை எல்லாம் அரசு இணையத்தில் போட்டுவிட்டது, இனி யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். அப்படியானால் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வழியை வீட்டில் இருந்தபடியே பார்த்துவிட முடியுமா? பார்த்ததை ஊருக்குக் காட்டுவது எப்படி?"

செப்டம்பர் 15

உங்கள் மைத்துனர் சொன்னதில் பாதி சரி. தரவு இருக்கிறது. 'வீட்டில் இருந்தபடியே' என்பதுதான் இடிக்கிறது.

நான் சிவகங்கை மாவட்டம். எங்களுடையது வைகைத் தண்ணீர் எட்டாத மானாவாரிக் கண்மாய். மேலே மூன்று கண்மாய்கள் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் (உபரி நீர் வழிந்தால்தான்) எங்களுக்கு வரத்து. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு நானும் கணினிமுன் உட்கார்ந்தேன். மத்திய அரசின் இந்தியா-டபிள்யூஆர்ஐஎஸ் தளத்தில் ஆற்றுப்படுகை, அணை, மழை, நிலத்தடி நீர் என்று எல்லாம் வண்ண வண்ணமாக இருக்கும். இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. வைகை என்று தேடினால் வைகை வரும். எங்கள் கண்மாயைத் தேடினால் வராது. ஊரின் பெயரையே மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் தமிழாக்கிய ஒரு பக்கத்தில் எங்கள் பட்டி, பாட்டி ஆகியிருந்தது.

கைப்பேசியில் முயலாதீர்கள். உரலுக்குள் தலையை விட்ட கதையாகிவிடும்.

செப்டம்பர் 16

மதுரையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: மழைக்காலம் வந்தால் இத்தனை ஏரி நிறைந்தது, இத்தனை ஏரி 76 முதல் 99 சதவீதம் என்று தினமும் செய்தி வருகிறதே, அதில் எங்கள் ஊர் இருக்காதா?

செய்தியில் வருவது மாவட்டவாரியான எண்ணிக்கை. ஊர்ப் பெயர் இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையின் கையில் இருக்கும், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். நாளேடு சொல்லும் 14 ஆயிரத்துச் சொச்சம் ஏரிகள் நீர்வளத் துறையின் கணக்கு. ஒன்றியக் கண்மாய் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வராது. எங்களுடையது ஒன்றியக் கண்மாய். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. ஆகவே உங்களுடையது யாருடையது என்பதை முதலில் கேட்டு வையுங்கள்.

செப்டம்பர் 18

எங்கள் கண்மாய் எதிலும் இல்லை என்பதுபோல எழுதிவிட்டேன். அவசரம். 2023இல் வெளியான முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறது. நாடு முழுதும் 24,24,540 நீர்நிலைகளை எண்ணியிருக்கிறார்கள். மேற்கு வங்கத்தில் குட்டைகள் அதிகம், ஆந்திரத்தில் 'டேங்க்' அதிகம், தமிழ்நாட்டில் 'லேக்' அதிகம் என்று அறிக்கை சொல்கிறது. மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கிய அதே பொருளை எல்லைக்கு அந்தப் பக்கம் டேங்க் என்றும் இந்தப் பக்கம் லேக் என்றும் பதிந்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி என்று நாம் பிரித்துச் சொல்வதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

செப்டம்பர் 20

நீளமாக எழுதப்போகிறேன். என் அவமானக் கதை இது.

நீர்ப்பிடிப்பை நாமே வரைந்துவிடலாம் என்று ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி, ரேடாரால் நிலத்தின் உயரத்தை அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்று பெயர். 30 மீட்டருக்கு ஓர் உயரம் என்ற கணக்கில் அந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் போட்டுக் கலுங்கின் (உபரி நீர் வழியும் இடம்) மேல் ஒரு புள்ளி வைத்தால், எந்த மேட்டிலிருந்து எந்தப் பள்ளத்துக்குத் தண்ணீர் இறங்கும் என்று அதுவே கணக்கிட்டு எல்லை போட்டுவிடும். பழனி மலைச் சரிவில் தெரிந்த ஓர் ஓடையை வைத்துச் சோதித்தேன். பிசகே இல்லை. அந்தத் தெம்பில் எங்கள் கண்மாய்க்கும் போட்டேன். ஊதா எல்லை, நீல ஓடைகள், பச்சை ஆயக்கட்டு. மதுரைக்குப் போய் நாலடி அகலத்தில் ஃபிளெக்ஸ் அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் முன்மண்டபத்தில் கட்டினேன்.

எட்டுப் பேர் வந்தார்கள். அதில் இருவர் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்களா என்று கேட்க வந்தவர்கள். கடைசியாக வந்தவர் எங்கள் ஊரின் பழைய நீர்ப்பாய்ச்சி. மடை திறப்பதும் வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் அவர் குடும்பத்து வேலை. வண்ணம் எதையும் அவர் பார்க்கவில்லை. கைத்தடியின் நுனியை நீலக் கோட்டில் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தடி நின்றது.

"தம்பி, இது எந்த ஊர்க் கண்மாய்?"

"நம் கண்மாய்தான் ஐயா."

"அப்படியானால் தண்ணீர் ஏன் கரைமேல் ஏறிப் போகிறது?"

பார்த்தேன். கலுங்கு வடக்குக் கோடியில் இருக்கிறது. நீலக் கோடோ நடுமடைக்கும் பெருமடைக்கும் இடையில் கரையைத் தாண்டி, ஆயக்கட்டின் நடுவே இறங்கி, காலனி வழியாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாகத் தினமும் பார்த்த படம். என் கண்ணில் அது படவில்லை.

மண்டபத்தில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "காகிதத்தில்தானே ஏறியிருக்கிறது, விடுங்கள்" என்று யாரோ எனக்காகப் பரிந்து பேசினார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

செப்டம்பர் 21

ஏன் அப்படி ஆயிற்று என்று பலர் கேட்டுவிட்டார்கள். எங்கள் கரையின் மேல்புறம் ஒரு மாட்டுவண்டி போகும் அகலம். 30 மீட்டர்க் கட்டத்துக்குள் அது கரைந்துபோகும். உயர அளவில் உள்ள பிழையே சமயத்தில் கரையின் உயரத்தைவிடப் பெரிது. மலையில் ஐந்து மீட்டர்ப் பிழை ஒன்றும் செய்யாது; ராமநாதபுரம், சிவகங்கைச் சமவெளியில் முழுக் கண்மாயையும் விழுங்கிவிடும்.

இதோடு சீமைக்கருவேலம். ரேடார் அலை மரத்தலையிலும் பட்டுத் திரும்புகிறது. உள்வாய் (கரைக்கு உட்புறம் தண்ணீர் தேங்கும் பரப்பு) முழுவதும் கருவேலங்காடாக இருந்தால், கண்மாயின் பள்ளம் படத்தில் மேடாகத் தெரியும். உங்கள் பக்கம் வைகைக் கால்வாய் வழியே தண்ணீர் வரும் கண்மாய் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். மனிதன் வெட்டிய கால்வாய் மேட்டுப்பள்ளக் கணக்குக்குக் கட்டுப்படாது.

செப்டம்பர் 21, இரவு

கேட்டவர் தனியாக எழுதியிருக்கிறார்: அவருடையது வைகைப் பாசனம்தான். அப்படியானால் உங்களுக்கு வேறு வழி. அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். வைகை அணைக்கு 71 அடி. 66இல் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. நாளேட்டில் தினமும் வருகிறது. அதற்குப் பிறகு விரகனூர் மதகணை, பார்த்திபனூர் மதகணை, அப்புறம் உங்கள் கால்வாய். அணையில் திறந்தது என்னவோ இணையத்தில் தெரியும். பார்த்திபனூரில் உங்கள் பக்கம் எவ்வளவு திருப்பினார்கள் என்பது அங்கே மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரைக் கேட்டால்தான் தெரியும். அவர் கைப்பேசி எண்ணைவிட நல்ல இணையக் கருவி எனக்குத் தெரியாது.

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி கிராமசபையில் செயற்கைக்கோள் படம் காட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்றைய சபை முடிந்துவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன்.

லேண்ட்சாட் படங்களை வைத்து 1984 முதல் எங்கே எத்தனை காலம் தண்ணீர் நின்றது என்று காட்டும் உலக வரைபடம் ஒன்று இலவசமாக இருக்கிறது. பெரிய கண்மாய்களுக்கு அருமை. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை அதில் பார்த்துக்கொண்டே அரை நாளைப் போக்கினேன். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று சும்மாவா சொன்னார்கள். எங்கள் கண்மாயில் அது 'தண்ணீர் இல்லை' என்றது. இடுப்பளவுத் தண்ணீரில் நான் நின்ற ஆண்டுக்கும் இல்லை என்றது. காரணம் அதே கருவேலம்தான். மேலிருந்து பார்த்தால் மரத்தலை, கீழே தண்ணீர். சென்டினல்-2 படம் 10 மீட்டர் நுணுக்கத்தில் ஐந்து நாளுக்கு ஒன்று வரும். ஆனால் நமக்குத் தண்ணீர் வருவது ஐப்பசி, கார்த்திகையில், மேகம் மூடிய நாட்களில். படம் முழுக்க வெள்ளை. மேகத்தை ஊடுருவும் ரேடார்ப் படம் சென்டினல்-1இல் உண்டு. அதற்கும் கருவேலத்துக்கும் ஆகாது.

சபையில் காட்டுவதானால் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, கருவேலம் எவ்வளவு பரவியது என்று காட்டுங்கள். அது பொய் சொல்லாது.

அக்டோபர் 5

கன அடி, மில்லியன் கன அடி, டிஎம்சி. சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இவை தாய்மொழி. செம்பரம்பாக்கம் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குறித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தன் தெரு தெரியும் என்பதால் அது நடந்தது.

எங்கள் ஊரில் ஒரு மில்லியன் கன அடி என்று சொன்னால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே அளவு இரண்டுதான். ஒன்று, நடுமடைக் கல்தூண். இரட்டைத் தூண்களுக்கு இடையே மூன்று குறுக்குக் கற்கள் இருக்கின்றன. "இரண்டாம் கல் மூழ்கிவிட்டது" என்றால் ஊருக்கே புரியும். இன்னொன்று, 'தண்ணீர்' என்பதே அளவு. "கதிர் தேற இன்னும் இரண்டு தண்ணீர் வேண்டும்" என்பார்கள், இரண்டு முறை பாய்ச்சவேண்டும் என்ற பொருளில்.

இதைக் கணக்காக்கிப் பார்த்தேன். ஒரு பாய்ச்சலுக்கு வயலில் இரண்டு அங்குலம் என்று வையுங்கள். ஏக்கருக்கு 7,260 கன அடி. அதாவது ஒரு மில்லியன் கன அடி சுமார் 138 ஏக்கருக்கு ஒரு தண்ணீர். கல் கணக்கிலிருந்து கொள்ளளவு, கொள்ளளவிலிருந்து எத்தனை தண்ணீர் என்று ஒரு சிறு அட்டவணை போட்டு டீக்கடையில் ஒட்டினேன். நான் செய்ததிலேயே ஊர் நின்று படித்த ஒரே காகிதம் அது.

அக்டோபர் 6

அந்த அட்டவணை தப்பு. போன ஆண்டு அதன்படி ஆறு தண்ணீர் வரவேண்டும், வந்தது மூன்றரை. மண் குடிப்பதும் வெயில் குடிப்பதும் வாய்க்காலில் கசிவதும் என் கணக்கில் இல்லை. நீர்ப்பாய்ச்சி ஐயா பார்த்த உடனேயே "பாதியாகப் போடு" என்றார். நான் கேட்கவில்லை. படித்தவன் பாருங்கள்.

இன்னொன்று. பாதி ஆழம் என்றால் பாதித் தண்ணீர் என்று முதலில் போட்டிருந்தேன். கண்மாய் தொட்டி அல்ல, சாய்ந்த தட்டு. பாதி ஆழத்தில் கால் பங்குகூடத் தேறாது. எத்தனை அடிக்கு எவ்வளவு என்பதற்குப் பழைய குறிப்பேடு வேண்டும். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அக்டோபர் 11

குறிப்பேடு. சென்னை மாகாணத்தில் 1883 முதல் கண்மாய்ச் சீரமைப்புத் திட்டம் ஒன்று நடந்தது. ஒவ்வொரு கண்மாய்க்கும் கரை நீளம், முழு நீர்மட்டம், ஒவ்வொரு மடையின் அடிமட்டம், கலுங்கின் நீளம், நீர்ப்பிடிப்பு, ஆயக்கட்டு எல்லாம் அளந்து எழுதி வைத்தார்கள். பொறியாளர்கள் இன்றும் 'டேங்க் மெமாயர்' என்பார்கள். எந்த இணையத்தளத்தையும்விட இதில் உங்கள் கண்மாய் பற்றி அதிகம் இருக்கும். நம் மாவட்டங்களின் எல்லாக் குறிப்பேடுகளையும் ஒளிவருடி இணையத்தில் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். புதிய செயலி எதுவும் வேண்டாம் என்பேன்.

எனக்குக் கிடைத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில். முதல் மனுவுக்கு ஓர் அலுவலகம், "தாங்கள் கோரிய நீர்நிலை இவ்வலுவலகக் கட்டுப்பாட்டில் இல்லை" என்று பதில் எழுதியது. அடுத்த அலுவலகம் முந்தைய அலுவலகத்தைக் கேட்கச் சொன்னது. மூன்றாவது முறை நேரில் போனேன். பதிவறையில் இருந்த ஊழியர் ஒருவர் பரணில் ஏறி, தும்மிக்கொண்டே ஒரு கட்டை இறக்கிக் கொடுத்தார். நகலில் கரப்பான் தின்ற ஓரம்கூட விழுந்திருந்தது. அளவெல்லாம் அடிக்கணக்கு. பெருமடையின் அடிமட்டம் எழுதிய எண்ணைக் கரையான் தின்றிருந்தது, நடுமடையின் எண் தப்பித்தது. அதனால்தான் நீர்மட்டம் பார்க்க நடுமடைத் தூணில் கோடு போட்டோம். வேறு தத்துவம் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 19

மழை. கேட்டவர், "எங்கள் ஊரில் நேற்றுக் கொட்டித் தீர்த்தது, பட்டியலில் பூஜ்யம்" என்று கொதித்திருக்கிறார். இரண்டு காரணம் இருக்கலாம். மழைமானி உங்கள் ஊரில் இல்லை. பிர்காவுக்கு ஒன்றோ தாலுகாவுக்கு ஒன்றோ இருப்பது உங்களுக்கு எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி. ஐப்பசி மழை மாட்டின் ஒரு கொம்பில் பெய்து மறு கொம்பில் பெய்யாது. அடுத்தது, நாள் கணக்கு. அரசு மழைக்கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நேற்று மாலை பெய்தது இன்றைய தேதியில் ஏறும். இதே காரணத்தால் நான் ஓர் ஆண்டு முழுக்க ஒரு நாள் தள்ளி ஒப்பிட்டு, அரசுத் தரவே தப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பக்கச்சுவர் நேராக உள்ள எந்தப் பாத்திரமும் மழைமானிதான். எங்கள் வீட்டில் சித்தி ஒன்பது ஆண்டுகளாக மாடிச்சுவரில் ஒரு டப்பா வைத்து, அளவுகோலால் அளந்து, மாத நாள்காட்டியில் குறித்துவருகிறார். நான் கண்டுபிடித்தது சென்ற ஆண்டுதான். சிக்கல் என்னவென்றால் பால் கணக்கும் அதே கட்டத்தில். '1½' என்று இருந்தால் ஒன்றரை லிட்டர் பாலா, ஒன்றரை அங்குல மழையா? சித்திக்கு மட்டும் தெரியும். உட்காரவைத்துக் கேட்டேன். "சித்திரையில் அங்குலக் கணக்கில் மழை பெய்யுமா? அது பால்" என்றார். ஐப்பசியில்? "அன்றைக்கு மாடு கறக்கவில்லை, கன்று செத்த வாரம்." ஒன்பது ஆண்டுகளை இப்படிப் பிரிக்க இரண்டு நாளாயிற்று.

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு ஹெக்டேருக்கு 10,000 லிட்டர். சொன்னதும் சித்தி கேட்டார்: "அத்தனையும் எங்கே போகிறது?" அதற்குத்தானே இத்தனையும்.

அக்டோபர் 28

ஆந்திரத்தில் இதையெல்லாம் முன்பே செய்துவிட்டார்கள் என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். உண்மை. ஏழு மாவட்டங்களில் 600க்கும் மேற்பட்ட ஊர்களில் விவசாயிகளே மழையும் கிணற்று நீர்மட்டமும் அளந்து, ஊர்ச்சுவரில் எழுதி, அந்த ஆண்டு எந்தப் பயிர் தாங்கும் என்று கூடிக் கணக்குப் போட்டார்கள். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு உதவிய திட்டம். அங்கே தரவு சுவரில் இருந்தது. 2022இல் வந்த ஜல்தூத் செயலியிலும் ஊர்க்கிணற்றை ஆண்டுக்கு இரண்டு முறை அளந்து பதிகிறார்கள். ஆனால் அளந்த எண் மேலே போகிறது, ஊர்ச்சுவருக்கு வருவதில்லை. என் குறை இதுதான்: கருவிகள் எல்லாம் ஊரிலிருந்து எடுப்பதற்குச் செய்தவை.

நாங்கள் கடைசியில் செய்தது இவ்வளவே. நடுமடைத் தூணில் மஞ்சள் எனாமலில் அரை அடிக்கு ஒரு கோடு. காலையில் அந்தப் பக்கம் ஆடு ஓட்டிப்போகும் பையன் ஒரு படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவான். நான் அதைப் படித்து, எத்தனை கல், எத்தனை தண்ணீர் (ஐயா சொன்ன பாதிக் கணக்கு) என்று கீழே எழுதுவேன். பாதிப் படங்களில் ஆடும் நிற்கும்.

நவம்பர் 6

இப்போது கசப்பான பகுதி. இரண்டு சம்பவம்.

குழுவில் போட்ட படம் மேல் ஊருக்குப் போயிற்று. அவர்கள் கலுங்குக் கற்களுக்கு இடையே மண்மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். எடுத்தால்தான் எங்களுக்கு மறுகால். பேசப் போனால் கைப்பேசியை நீட்டுகிறார்கள்: "உங்கள் கண்மாயில் இரண்டாம் கல் வரை இருக்கிறதே. நீங்கள்தானே போட்டீர்கள்?" நாங்கள் எங்களுக்காக வைத்த எண் எங்களுக்கே எதிர்ச்சாட்சி ஆகிவிட்டது. அவர்கள் கண்மாயில் எவ்வளவு என்று எங்களிடம் படம் இல்லை. ஒரு கண்மாய் மட்டும் தன் கணக்கைத் திறந்து வைத்தால், வேலி இல்லாத வயல் மாதிரி.

அடுத்தது இதைவிட மோசம். வரத்துக்கால் பாதையைக் கண்டுபிடிக்கப் புலப்படங்களைப் பதிவிறக்கினேன். அரசு இணையத்தில் இலவசம்தான். ஆனால் புலப்படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. புலத்தின் வடிவமும் அளவும் மட்டும். செயற்கைக்கோள் படத்தின்மேல் நான்கு மூலையை உத்தேசமாகப் பொருத்தினேன். வரத்துக்கால் ஒரு வீட்டின் சமையலறை வழியாகப் போயிற்று. பரபரப்பில் படத்தை இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டேன். மாலைக்குள் ஊர் முழுக்க அது ஆக்கிரமிப்பு வீடு. அந்த வீட்டுக்காரர் எனக்கு மாமா முறை. கத்தவில்லை. மறுநாள் வந்து, "ஒரு சங்கிலி எடுத்துவா, அளந்துவிடலாம்" என்றார்.

அளந்தோம். பழைய புலப்படம் கண்ணிக் கணக்கு, நூறு கண்ணி ஒரு சங்கிலி, 66 அடி. புதருக்குள் புதைந்திருந்த எல்லைக்கல்லைத் தேடி அங்கிருந்து பிடித்தால், வரத்துக்கால் அவர் வீட்டுக்குக் கிழக்கே 15 மீட்டரில், யாருடையதும் அல்லாத கருவேலம் புதரில் கிடந்தது. நான் பொருத்திய மூலையில் ஒன்று எல்லைக்கல்லே இல்லை, பக்கத்து வயலின் வரப்பு.

குழுவில் மன்னிப்பு எழுதினேன். ஆக்கிரமிப்பு என்ற செய்தியைப் பரப்பியவர்களில் பாதிப் பேர் அந்த மன்னிப்பைப் படித்திருக்கமாட்டார்கள். கேட்டவருக்கு ஒன்று சொல்கிறேன்: வரத்துக்கால் அடைப்பை வரைபடத்தில் கண்டுபிடித்தால், யாரிடமும் காட்டுவதற்கு முன் அந்த இடத்தில் போய் நில்லுங்கள்.

நவம்பர் 7

இதெல்லாம் வெளியிடச் சட்டம் இடம் கொடுக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். நதித் தரவில் கட்டுப்பாடு இருப்பது கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து போல நாட்டு எல்லை தாண்டும் படுகைகளுக்கு. வைகைக்கு அது இல்லை. வரைபடம் தயாரிப்பதில் இருந்த பழைய கெடுபிடிகளும் 2021 பிப்ரவரியில் பெருமளவு தளர்ந்துவிட்டன. சட்டம் தடுக்காது. மாமன் மச்சான் முறைதான் தடுக்கும்.

நவம்பர் 17

செப்டம்பர் 20 குறிப்பைத் திரும்பப் படித்தேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். அன்று மண்டபத்தில் எல்லோரும் சிரித்து முடித்தபின் ஐயா இன்னொன்றும் சொன்னார்: "என் அப்பா காலத்தில் ஒருமுறை கரை உடைந்தது. அன்றைக்குத் தண்ணீர் இப்படித்தான் போனது."

அவமானத்தில் அது என் காதில் ஏறவில்லை. இந்த வாரம் விடாத மழை, கரையில் ஓரிடத்தில் ஊற்று, இரவெல்லாம் மணல்மூட்டை. அப்போதுதான் உறைத்தது. கரையே இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே போகும் என்பதை மென்பொருள் சரியாகத்தான் வரைந்திருந்தது. கண்மாய்க்கு முன்பிருந்த ஓடையின் பாதை அது. வரத்துப் படமாக அது தப்பு, உடைப்புப் படமாகச் சரி. ஃபிளெக்ஸைத் தேடினேன், யாரோ வைக்கோற்போரை மூடியிருந்தார்கள். கோப்பிலிருந்து பார்த்து, அந்த நீலக் கோட்டில் இருந்த பதினோரு வீடுகளுக்கும் ஆள் அனுப்பினோம். பள்ளிக்கூடத்தில் இரண்டு இரவு படுத்தார்கள். கரை உடையவில்லை. மூன்றாம் நாள், "வீணாக அலைக்கழித்துவிட்டாயே" என்று ஒரு அத்தை திட்டினார். திட்டட்டும்.

நவம்பர் 23

மழை விட்டு ஓய்ந்து இருக்கும்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பெயர் ஏற்றுகிறேன். தமிழில் தனியாகப் பெயர் பதிய அதில் இடம் உண்டு. எங்கள் கண்மாய், மேல் மூன்று கண்மாய்கள், மடைகள், கலுங்கு. பெருமடை, நடுமடை, கள்ளமடை. கள்ளமடைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் ஐயா சிரிக்கிறார், சொல்லமாட்டேன் என்கிறார். வரத்துக்கால் கோட்டை மட்டும் இன்னும் ஏற்றவில்லை. மாமாவும் நானும் ஒவ்வொரு ஞாயிறும் சங்கிலியோடு நடக்கிறோம். இதுவரை அளந்து முடித்தது 900 மீட்டர்.

டிசம்பர் 3

நேற்று மேல் ஊர்ப் பையன் ஒருவன் குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்டான். சேர்த்தேன். இன்று காலை அவனாகவே ஒரு படம் போட்டிருக்கிறான்: அவர்கள் கலுங்கு, மூட்டை இல்லை, கற்களுக்கு நடுவே தண்ணீர் வழிகிறது. கீழே ஒரே வரி: "விடிகாலையிலிருந்து போகிறது." யார் எடுக்கச் சொன்னார்கள், பஞ்சாயத்தில் என்ன பேசினார்கள், தெரியாது. நானும் கேட்கவில்லை.

அங்கிருந்து எங்களுக்கு வர நாலு மணி நேரம் என்று நான் எழுதினேன். "கால் காய்ந்து கிடக்கிறது, அது குடித்துவிட்டு வரும், பொழுது சாய்ந்துவிடும்" என்றார் ஐயா. ஐந்தே முக்காலுக்கு உள்வாயில் நுழைந்தது.

கேட்டவருக்கு: உங்கள் கண்மாய் மடைத்தூணைப் படம் எடுத்து அனுப்புங்கள், கோடு போடும் இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன். எனாமலில் மஞ்சள் வேண்டாம், எங்களுடையது ஒரே மழைக்காலத்தில் பாசி பிடித்து மங்கிவிட்டது. வெள்ளையும் கறுப்பும் போடுங்கள்.